கறுப்பு கடைசியில்தான் வரும்

நேற்றுக் காலை காப்பியும் பேப்பருமாக வாசலில் உட்கார்ந்தபோது மறுபடியும் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. எங்கோ ஓர் ஊரில் சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் "கறுப்புப் பூஞ்சை"யாம். கொரோனா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பெயரை மட்டும் பேப்பர்காரர்கள் விடுவதாக இல்லை. காப்பி ஆறிப்போனது. அந்தப் பெயரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. இன்று அதை எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்து முப்பத்தேழு வருஷம் கோப்பு கட்டி ஓய்வு பெற்றவன். ஆனால் பெயர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. தபால் பிரிவில் இருந்தபோது ஒரு நாளைக்கு நூறு கடிதம் வரும். ஒவ்வொன்றுக்கும் "பொருள்" என்று ஒரு வரி எழுதி, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று குறிக்க வேண்டும். அந்த ஒரு வரியைத் தப்பாக எழுதிவிட்டால் போச்சு. ஓய்வூதியக் கோப்பு நிலவரிப் பிரிவுக்குப் போய் ஆறு மாதம் தூங்கும். அங்கே உள்ளவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. அவருடைய மேஜைக்கு அது வந்திருக்கவே கூடாது, அவ்வளவுதான். "கறுப்புப் பூஞ்சை" என்பது அப்படித் தப்பாக எழுதப்பட்ட ஒரு பொருள் வரி.

2021 மே மாதம். இரண்டாவது அலை. என் மனைவியின் தம்பிக்குக் கொரோனா வந்தது. அப்போது அவனுக்கு அறுபத்திரண்டு வயது, பதினைந்து வருஷச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காத நேரம். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 96, 97 என்று நன்றாகத்தான் இருந்தது. வீட்டிலேயே இருந்தான். யாரோ ஒருவருக்கு யாரோ ஒரு டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினார்கள். அதில் ஸ்டீராய்டும் இருந்தது. பத்து நாள் சாப்பிட்டான். ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிக்குத்தான் ஸ்டீராய்டு உயிரைக் காக்கும், தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று 2020 ஜூனிலேயே இங்கிலாந்தில் நடந்த ரெகவரி ஆய்வு சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? காய்ச்சல் இறங்கியது, எல்லோரும் சந்தோஷப்பட்டோம். சர்க்கரை 380 இருந்தது. "ஜுரத்தில் அப்படித்தான் ஏறும்" என்றோம்.

இரண்டு வாரம் கழித்துப் போனில் சொன்னான்: "மாமா, இடது கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கு. ஷேவ் பண்ணும்போது பிளேடு படறதே தெரியலை. மேல்பல்லு ரெண்டு ஆடுற மாதிரியும் இருக்கு."

தெரு டாக்டரிடம் போனான். "சைனஸ்" என்றார் அவர். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக், ஆவி பிடிக்கச் சொன்னார்.

நான் விவரம் தெரிந்தவன் அல்லவா? பேப்பர் முழுக்க அப்போது கறுப்புப் பூஞ்சைச் செய்திதான். "டேய், எதுக்கும் மூக்குக்குள்ளே கறுப்பா ஏதாவது இருக்கான்னு பாரு" என்றேன். அவன் மகள் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தைப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் எனக்குப் போன் வரும். "கறுப்பா எதுவும் இல்லை தாத்தா." நானும் தினமும் "அப்பாடா" என்பேன். இப்படி ஆறு நாள். ஏழாவது நாள் காலையில் இடது கண் இமை தொங்கிவிட்டது. எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். என் பேத்தி வயதுதான் இருக்கும். கவச உடைக்குள் கண் மட்டும்தான் தெரிந்தது. மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கில் விட்டுத் திரையில் காட்டினார். மூக்கின் பக்கச் சுவரில் சங்கு போலச் சுருண்ட சதை மடிப்புகள் உண்டு, டர்பினேட் என்கிறார்கள். வலது பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது. இடது பக்கம், நடு மடிப்பு, வெளுத்துக் கிடந்தது. கறுப்பு இல்லை ஐயா, வெளுப்பு. சுண்ணாம்பு பூசின மாதிரி. டாக்டர் ஒரு கருவியால் அதைத் தொட்டார். "வலிக்குதா?" இல்லை என்றான். ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். ரத்தமே வரவில்லை. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் மாறியது. "எத்தனை நாளா மரத்துப்போயிருக்கு?"

அந்தத் துணுக்கை அவர் நேராக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்துக்குள் தொலைபேசியில் பதில் வந்தது. மறுநாள் காலையில் அறுவை.

இடது கண் போய்விட்டது. உயிர் இருக்கிறது. ஆறு நாள் முன்னால் வந்திருந்தால் கண்ணும் இருந்திருக்குமா என்று அந்த டாக்டரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் நல்ல பெண். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாது சார்" என்றார். அந்த ஆறு நாளும் "அப்பாடா" சொன்னவன் நான்.

இதற்கப்புறம்தான் இந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு சரளம். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த கடைசி சில தலைமுறைகளில் ஒருவன். அதனால் இரண்டு மொழியிலும் புரட்டினேன். புரியாததை அந்த டாக்டரிடமே ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் கேட்டேன். அவரும் அலுக்காமல் சொன்னார்.

முதல் விஷயம், அது கறுப்பே இல்லை. நோயின் பெயர் ம்யூகார்மைக்கோசிஸ். 1885-ல் பால்டாஃப் என்ற ஆஸ்திரிய மருத்துவர் முதன்முதலில் மனித உடலில் இதை விவரித்து எழுதினார். இந்தப் பூஞ்சையின் விதைத்தூள் மண்ணில், அழுகிய காய்கறியில், பழைய ரொட்டியில் எங்கும் உண்டு. நானும் நீங்களும் தினமும் சுவாசிக்கிறோம். நம் வெள்ளையணுக்கள் அதைத் தின்றுவிடும். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ரத்தம் புளித்துப்போனவர்களிடத்தில் அந்த வெள்ளையணு மந்தமாகிவிடுகிறது. போதாததற்கு, புளித்த ரத்தத்தில் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும் இரும்புச் சத்து அவிழ்ந்து பூஞ்சைக்குத் தீனியாகிறது. மேலே ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்க வேண்டாம்.

அப்புறம் அது இழையாக வளர்கிறது. வளர்ந்து ரத்தக் குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் போகாத வயல் என்ன ஆகும்? முதலில் வெளுக்கும். நரம்பும் சாவதால் மரத்துப்போகும், வலிக்காது, கிள்ளினால் ரத்தம் வராது. அதற்கும் பிறகுதான், செத்த சதை காய்ந்து கறுக்கும். ஆகவே அந்தக் கறுப்பு பூஞ்சையின் நிறம் அல்ல. செத்துப்போன நம் சதையின் நிறம். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இழைகளுக்கு நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி இருக்கும்.

ரொட்டியில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ரொட்டியில் கறுப்பாகத் தெரிவது விதைத்தூள் பை. நம் சதைக்குள் அந்தப் பை அநேகமாக உண்டாவதில்லை, இழை மட்டும்தான். நிஜமாகவே கறுப்பு நிறமி கொண்ட பூஞ்சைகள் ஒரு கூட்டம் தனியாக உண்டு. ஆய்வுக்கூடக்காரர்கள் அவற்றைத்தான் கறுப்புப் பூஞ்சைகள் என்று சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் மூக்கில் கறுப்பைத் தேடச் சொல்வது என்ன யோசனை? வீடு எரிந்து முடிந்தபின் சாம்பலைத் தேடச் சொல்வது மாதிரி. தேட வேண்டியது வேறே. சர்க்கரைக்காரருக்கோ, உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கோ, ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவருக்கோ முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, ஒரு பக்கம் மட்டும் மரப்பு, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைப்பு, சளியில் ரத்தக் கறை, காரணமில்லாமல் ஆடும் மேல்பல். அப்புறம் கண் வீக்கம், இமை தொங்கல், இரட்டைப் பார்வை. இது எல்லாமே கறுப்புக்கு முன்னால் வரக்கூடியவை. என் மைத்துனன் முதல் நாள் போனில் சொன்ன இரண்டு வாக்கியத்தில் நோயின் பாதி இருந்தது. பிளேடு படுவது தெரியவில்லை என்றானே, அதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி எப்படிச் சொல்வான்?

அந்த வருஷம் நிறத்தை வைத்து நடந்த கூத்து நினைவிருக்கிறதா? கறுப்புப் பூஞ்சை வந்தது. அடுத்த வாரம் பாட்னாவில் வெள்ளைப் பூஞ்சை என்றார்கள். அதற்கடுத்து காஜியாபாத்தில் மஞ்சள் பூஞ்சை. தீபாவளி மத்தாப்பு மாதிரி. வெள்ளை என்று சொன்னது பெரும்பாலும் கேண்டிடா என்ற, எத்தனையோ காலமாகத் தெரிந்த வேறு ஒரு வகை. டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியாவே அந்த மே மாதம் பத்திரிகையாளர்களிடம், நிறத்தை வைத்துப் பெயரிடாதீர்கள், குழப்பம்தான் வரும் என்றார். யார் கேட்டார்கள்? மறுநாள் பேப்பரில் அவர் சொன்ன செய்திக்கே தலைப்பில் கறுப்புப் பூஞ்சை.

பிரான்சில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னபோது, வாய் தவறி "ஷாம்பிஞோன் நுவார்" என்றேன். கறுப்புப் பூஞ்சை என்பதற்கு நேரான பிரெஞ்சு. அங்கே அந்தப் பெயரில் ஒரு காளான் உண்டு, சீனச் சாப்பாட்டுக் கடையில் சூப்பில் போடுவார்கள். அண்ணன் ஒரு கணம் சாப்பாட்டில் ஏதோ விஷமாகிவிட்டது என்றே நினைத்துவிட்டார். "ம்யூக்கோர்மிக்கோஸ்" என்று சரியாகச் சொன்னதும் அமைதியானார். அவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் தெரியாத சொல் என்பதாலேயே "அது என்ன?" என்று கேட்டார். தெரிந்த மாதிரி இருக்கும் பெயருக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

தெரிந்த மாதிரி இருக்கும் இன்னொரு சொல் "சைனஸ்". இதைப் பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் "எனக்கு சைனஸ் இருக்கு" என்பார்கள். இருக்காதா பின்னே? எல்லோருக்கும் இருக்கிறது. முகத்து எலும்புக்குள் நான்கு ஜோடி வெற்றறைகள். லத்தீனில் வளைவு, மடிப்பு, குடா என்றெல்லாம் பொருள். எனக்கு முழங்கை இருக்கிறது என்பதை வியாதியாகச் சொல்வோமா? பழைய சித்த வைத்தியர்களாவது பீனிசம், நீர்க்கோவை என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் சாதாரண ஜலதோஷத்தை "மூளைச் சளி" என்பார்கள். அது வேடிக்கைப் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் மூளைக்கு மருந்து தேடுவதில்லை. நாமோ சைனஸ் என்று ஒரு உறுப்பின் பெயரைச் சொல்லிவிட்டு நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். டாக்டரே அப்படிச் சொன்னால் என்ன செய்வது? பதினைந்து வருஷச் சர்க்கரைக்காரன், ஸ்டீராய்டு தின்று வந்தவன், கன்னம் மரத்துப்போச்சு என்கிறான். சர்க்கரை எவ்வளவு என்று அந்தத் தெரு டாக்டர் கேட்கவில்லை.

சரி, கறுப்பைப் பார்க்கக் கூடாது என்றால் எதைத்தான் பார்ப்பது? அந்த டாக்டர் ஒருநாள் என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. பூஞ்சை என்ன நிறம் என்பது கேள்வி இல்லை சார், அது சதைக்குள்ளே நுழைந்திருக்கா இல்லையா, அதுதான் கேள்வி என்றார்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு கதை. என் பழைய சக ஊழியர் ஒருவரின் மகள், இருபத்து நான்கு வயது. மூன்று வருஷமாக மூக்கடைப்பு, வாசனையே தெரியாது. மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று அறுவை செய்து, உள்ளே பசை போல ஒட்டிக்கிடந்த பழுப்புச் சளியை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் முதல் வரி: பூஞ்சை சைனஸ் அழற்சி. தாய் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மயங்கி விழாத குறை. என் மைத்துனன் கதை அவர்களுக்குத் தெரியும். பெண்ணுக்குக் கண்ணை எடுத்துவிடுவார்கள் என்று ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து அழுதார்கள். அறிக்கையை வாங்கி இரண்டாவது வரியைப் பார்த்தேன். திசுவுக்குள் பூஞ்சை ஊடுருவல் காணப்படவில்லை என்று இருந்தது.

அது வேறு நோய். ஒவ்வாமையால் வருவது. பூஞ்சை சளியில் மட்டும் கிடக்கிறது, உடம்பு அதைப் பார்த்து அலறுகிறது, அவ்வளவுதான். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில் வருகிற சங்கதி. பென்ட், குன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1994-ல் இதற்கு ஐந்து அடையாளம் வகுத்தார்கள்: ஒவ்வாமை, மூக்குச் சதை வளர்ச்சி, சி.டி. ஸ்கேனில் தெரியும் தனிக் கோலம், ஒருவகை வெள்ளையணு நிறைந்த கெட்டிச் சளியில் பூஞ்சை, அந்தப் பூஞ்சை சதைக்குள் போகாமல் இருப்பது என்று ஏறக்குறைய அப்படி. இதற்குச் சிகிச்சை என்ன தெரியுமா? அடைசலை அறுவையில் சுத்தம் செய்துவிட்டு ஸ்டீராய்டு கொடுப்பது! மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே, சில சமயம் மாத்திரையும்.

கவனியுங்கள். ஒருவனுக்கு ஸ்டீராய்டு எமனாக வந்தது. இன்னொருத்திக்கு அதே ஸ்டீராய்டு மருந்து. இரண்டு பேர் நோய்க்கும் பேப்பர் பாஷையில் ஒரே பெயர், பூஞ்சை. பெயர் முக்கியமில்லை என்று சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இன்னும் இருக்கிறது. கன்ன எலும்பின் அறைக்குள் பூஞ்சை உருண்டையாகத் திரண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பது ஒன்று. பெரும்பாலும் நடுத்தர வயது தாண்டியவர்களுக்கு. சில பேருக்கு மேல்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தபின் வந்ததாகச் சொல்கிறார்கள். திறந்து எடுத்துவிட்டால் தீர்ந்தது, பூஞ்சைக்கு மருந்து கூட வேண்டாம். அப்புறம் சூடானிலும் பாகிஸ்தானிலும் நம் நாட்டிலும் பார்க்கிற மெதுவான வகை. நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கே கண் மாதக்கணக்கில் பிதுங்கிக்கொண்டு வரும். கட்டி என்று நினைத்துப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. ஒரே மூக்கு, ஒரே பூஞ்சை என்ற சொல். நாலு நோய், நாலு வைத்தியம்.

இவற்றைப் பிரிப்பது அந்தத் துணுக்குச் சதைதான். அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டால் சதை கரைந்து பூஞ்சை இழை மட்டும் நிற்கும். சில நிமிஷ வேலை, செலவும் அதிகமில்லை. ம்யூகார் இழை அகலமாக, ரிப்பன் நாடா போல, குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாமல், செங்கோணத்தில் கிளை விடும். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இன்னொன்று மெல்லிசாக, குறுக்குச் சுவர்களோடு, குறுங்கோணத்தில் கிளை பிரியும். இதைப் பிரித்துச் சொன்னால் மருந்தும் மாறும். ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கும் வோரிகோனசோல் ம்யூகாருக்கு வேலை செய்யாது. அதற்கு ஆம்ஃபோடெரிசின். பிறகு நோய்க்குறியியல் நிபுணர் சதையைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்து, இழை ரத்தக் குழாய்க்குள் போயிருக்கிறதா என்று உறுதி சொல்வார். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பும் துணுக்கை அரைத்துவிடக் கூடாதாம். சுவரில்லாத இழை அல்லவா, அரைத்தால் செத்துவிடும், அறிக்கையில் "ஒன்றும் வளரவில்லை" என்று வரும். இப்படிச் சின்னச் சின்ன விஷயத்தில் ஒரு கண் போகும், வரும்.

ரத்தப் பரிசோதனையில் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: மற்ற பூஞ்சைகளுக்கு உதவும் இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் ம்யூகாரைக் காட்டிக்கொடுப்பதில்லை. சி.டி. ஸ்கேன் ஆரம்பத்தில் சாதாரணச் சளி மாதிரியே இருக்கலாம். எலும்பு அரிப்பதெல்லாம் பின்னால்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் ஒரு கறுப்பு உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. மருந்து ஏற்றி எடுக்கும் படத்தில் உயிருள்ள சதை வெள்ளையாக மின்னும், ரத்தம் ஓடாத டர்பினேட் கறுப்பாக நிற்கும். அதைக் கறுப்பு டர்பினேட் என்றே அவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கறுப்பு சீக்கிரமே வரும். ஆனால் அது டார்ச் வெளிச்சத்தில் தெரியாது.

கடற்கரைச் சாலையில் தினமும் என்னோடு பெஞ்சில் உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, நீங்க கோபத்துல பேசறீங்க. ம்யூகார்மைக்கோசிஸ்னு போட்டா எவன் படிப்பான்? கறுப்புப் பூஞ்சைன்னு பயமுறுத்தினதாலதான் ஜனங்க ஆஸ்பத்திரிக்கே வந்தாங்க."

அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2021 மே 20 வாக்கில் மத்திய அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஜூனில் ஆம்ஃபோடெரிசினுக்கு ஜி.எஸ்.டி.யை நீக்கினார்கள். அந்தக் கூச்சல் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா, சந்தேகம்தான். ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு 45,000 பேருக்கு மேல் நோய், 4,300-க்கு மேல் சாவு. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பயமுறுத்தத்தான் வேண்டுமென்றால் "கன்னம் மரக்கும் நோய்" என்று பெயர் வைத்திருக்கலாமே? அதுவும் நாலு எழுத்துத் தமிழ்தானே? படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் புரியும். சர்க்கரைக்காரன் காலையில் ஷேவ் பண்ணும்போது தானாகக் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பான். கறுப்பு என்று சொன்னதால் டார்ச்சைத் தேடினான்.

நாள் கணக்குப் பெரிதில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2008-ல் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர ஆய்வு ஒன்று வெளியானது. ரத்தப் புற்றுநோயோடு இந்தப் பூஞ்சையும் வந்தவர்களில், ஆம்ஃபோடெரிசின் தொடங்க ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதமானவர்களிடம், பன்னிரண்டு வாரத்தில் சாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் மைத்துனனுக்குப் புற்றுநோய் இல்லை, ஆகவே அந்தக் கணக்கு அவனுக்கு அப்படியே பொருந்தாது, தெரியும். ஆனாலும் அந்த "ஆறு நாள்" என்ற எண்ணைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மைத்துனன் இப்போது நன்றாக இருக்கிறான். இன்சுலின் தவறாமல் போட்டுக்கொள்கிறான், சர்க்கரை கட்டுக்குள். இடது பக்கம் கறுப்புக் கண்ணாடியும் செயற்கைக் கண்ணும். மேல் அண்ணத்தில் போட்ட பிளேட்டால் பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் வாய் ஓயவில்லை. நேற்று அந்தப் பேப்பர் செய்தியை அவனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "அந்த ஆளுக்குக் கன்னம் மரத்துதான்னு எழுதியிருக்கா மாமா?" என்றான். எழுதவில்லை என்றேன்.